மிஷ்லின், தாபெலாக், வட்டாரச் சுவை: ஜப்பானில் எதை நம்பிச் சாப்பிடுவது?

கேள்வி:
வணக்கம். அடுத்த மாதம் டோக்கியோவிலும் ஒசாகாவிலும் ஒரு வாரம் தங்கவிருக்கிறேன். மிஷ்லின் என்ற பிரெஞ்சு உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் பெற்ற உணவகங்களுக்கு மட்டும் சென்றால் அந்தந்த ஊரின் சுவை பிடிபட்டுவிடுமா? ஜப்பானியர் பார்க்கும் தாபெலாக் என்ற உணவக மதிப்பீட்டுத் தளத்தில், பலரும் புகழ்கிற கடைகளுக்குக்கூட ஐந்துக்கு 3.5 தான் இருக்கிறது. அதுதான் தயக்கமாக உள்ளது.

பதில் 1:
தாபெலாக்கில் 3.5 என்றால் தயங்காமல் உள்ளே செல்லலாம். பெரும்பாலான கடைகள் அதற்குக் கீழேதான் நிற்கின்றன. 4-ஐத் தாண்டுபவை மிக அரிது. மிஷ்லினின் டோக்கியோ வழிகாட்டி 2007 நவம்பரில் வெளிவந்தது. ஆசியாவில் அதுவே முதலாவது. ஈராண்டுகளில் கியோட்டோ-ஒசாகா பதிப்பும் வந்தது. ஆனால் நட்சத்திரம் தட்டில் உள்ள உணவின் தரத்துக்கு அளிக்கப்படுவது. அவ்வூர் மக்கள் அன்றாடம் எதை உண்கிறார்கள் என்பதை அது சொல்லாது.

பதில் 2:
முந்தைய பதிலை ஒட்டி, உடோன் என்னும் தடித்த கோதுமை நூடுல்ஸின் சாற்றைப் பற்றிச் சொல்கிறேன். டோக்கியோவில் அது அடர்சோயாவின் கருமையோடும், நம் மாசிக் கருவாட்டுக்கு உறவான கட்சுவோபுஷியின் தூக்கலான மணத்தோடும் வரும். ஒசாகாவிலோ, வடக்குத் தீவான ஹொக்கைடோவிலிருந்து கப்பலேறி வந்து பழகிப்போன கொம்புவில் (பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், கடற்பாசிதான்) ஊறிய, கிண்ணத்தின் அடி தெரியும் வெளிர்சாறு. டோன்பெய் என்ற பெயரில் வரும் உடனடி உடோனைக்கூட இரண்டு சுவைகளில் விற்கிறார்கள். மூடியில் கிழக்குக்கு (டோக்கியோ பக்கம்) 'ஈ' என்றும் மேற்குக்கு (ஒசாகா பக்கம்) 'டபிள்யூ' என்றும் சிறிதாக அச்சிட்டிருக்கும். இரு ஊர்களிலும் ஒவ்வொன்று வாங்கி, விடுதி அறையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். சில நூறு யென்னில் கிடைக்கும் இந்தப் பாடம் எந்த வழிகாட்டியிலும் இல்லை.

பதில் 3:
விலாங்கு மீனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் அதை முதுகுப்புறம் கீறி, ஆவியில் வேகவைத்த பிறகு சுடுவதால் வாயில் கரையும். ஒசாகாப் பக்கம் வயிற்றைக் கீறி, வேகவைக்காமல் நேரே கரியில் சுடுவதால் தோல் மொறுமொறுப்பாக இருக்கும். எனக்குப் பின்னதே பிடிக்கும். மிஷ்லினை அறவே ஒதுக்கவும் வேண்டாம். நட்சத்திரமில்லாத, விலை குறைந்த நல்ல கடைகளுக்கு அது தரும் 'பிப் குர்மான்' பட்டியலில் ஒசாகாவின் ஒகோனோமியாகி (முட்டைக்கோஸ் கலந்து கல்லில் சுடும் மாவடை) கடைகளும் இடம்பெற்றுள்ளன.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நட்சத்திர உணவகம் ஒன்றுக்கு மட்டும் முன்பதிவு செய்துகொண்டு, மற்ற நாள்களை உடோனுக்கும் விலாங்குக்கும் ஒதுக்கிவிட்டேன்.