கோவை–சிங்கப்பூர்: வான்வழித் தூரம், பறக்கும் நேரம் எவ்வளவுங்க?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. கோயமுத்தூர்ல இருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம். ராத்திரி 11:00-க்குக் கிளம்பி விடியால 5:50-க்கு இறங்குதாம். திரும்பும்போது ராத்திரி 9:00-க்குக் கிளம்பி 10:55-க்கே பீளமேடு (நம்ம கோவை ஏர்போர்ட்) வந்துருதாம். போக ஏழு மணி, வர ரெண்டு மணியா? தூரம் எத்தனை கிலோமீட்டருங்க?

சித்ரா ஸ்டாப்:
டிக்கெட்ல இருக்கறது அந்தந்த ஊர்க் கடிகாரமுங்க. சிங்கப்பூர் நமக்கு ரெண்டரை மணி முன்னால. போறப்பக் கழிக்கோணும்: 6:50-ல 2:30 போனா 4:20. வர்றப்பக் கூட்டோணும்: 1:55 + 2:30 = 4:25. சரியாப் போச்சுங்களா?

இதுவும் முழுசாப் பறக்கற நேரமில்லை. நின்ன இடத்துல இருந்து நகர்ந்து, அங்க போய் நிக்கிற வரைக்குமான கணக்கு. ஓடுபாதைக்கு உருண்டு போறது, சாங்கியில (சிங்கப்பூர் ஏர்போர்ட்) இறங்க முறை வர்றவரை சுத்தறது எல்லாம் இதுக்குள்ள அடக்கம். 15 நிமிஷம் பிந்திக் கிளம்புனாலும் பல நாள் நேரத்துக்கு இறங்கறது இந்த ஒதுக்கீட்டால தான்.

முழக்கோல்:
தூரம் சுமார் 3,160 கி.மீ. நீங்களே போட்டுப் பாக்கலாம். பீளமேடு 11.03 வடக்கு, 77.04 கிழக்கு, சாங்கி 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. பூமி உருண்டை மேல இடைப்பட்ட கோணம் 28.45 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஆக 1,707. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., அதால பெருக்குங்க. பாகையை நேரா 111-ஆல பெருக்கி, பித்தாகரஸ் போட்டாலும் நிலநடுக்கோட்டுப் பக்கங்கறதால ரொம்பத் தப்பாது. டோக்கியோவுக்கு அப்படிப் போட்டா மோசம் போயிருவீங்க.

ஏ320 மாதிரி விமானம் மணிக்கு 830 கி.மீ. போனா 3 மணி 48 நிமிஷம். ஏறி இறங்கும்போது வேகம் கம்மி, அதுக்கு மேல கொஞ்சம்.

நொய்யல்கரை:
கிழக்க போனா காத்து தள்ளிவிடும்னு சொல்றாங்களேங்க?

முழக்கோல்:
அது டெல்லிப் பக்கத்துக் கணக்கு, அதுவும் குளிர்காலத்துல. நம்மூர்ல ஆடி மாசம் கூத்தே வேற. கீழ பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்குக் காத்து, 12 கி.மீ. உயரத்துல நேர் எதிரா கிழக்குக் காத்து. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை போறப்ப எதிர்காத்து, வர்றப்பத் தள்ளுகாத்து. எதிர்காத்து மணிக்கு 60 கி.மீ. இருந்தா 830-க்குப் பதிலா 770 தான் கிடைக்கும், 18 நிமிஷம் கூடும். அதே மாசங்கள்ல கீழ வீசற அந்த மேற்குக் காத்துக்கு எதிரா ஓடோணும்னு தென்மேற்க பார்த்து எழும்பி, அப்புறந்தான் கிழக்க திரும்புவாங்க. அதுல சில நிமிஷம்.

அவினாசி ரோடு:
சென்னை மாறிப் போனா தூரம் 160 கி.மீ. தான் கூடுதல். காத்திருக்கறதுதான் நேரத்தைத் தின்னும். தனித்தனி டிக்கெட்னா பெட்டியை எடுத்து மறுபடி போடோணும், முதல் விமானம் பிந்துனா அடுத்ததுக்கு யாரும் பொறுப்பில்லை. நேர் விமானமே மேலுங்க.

ஒண்ணு மறந்துராதீங்க: நீங்க இறங்கறது மறுநாள். சிங்கப்பூர் வருகை அட்டையில அந்தத் தேதியைத்தான் போடோணும். அதே மாதிரி, டிக்கெட்ல 12-ந் தேதி 00:30-ன்னு இருந்தா, 11-ந் தேதி ராத்திரியே ஏர்போர்ட்ல நிக்கோணும்.