330 வாட் பேனலில் 8 ஆம்பியர்தான் வருகிறது, காற்றாடியில் ஒன்றுமே வரவில்லை. உதவி தேவை (குடியாத்தம் பக்கம்)

கொல்லைமேட்டான் | செவ்வாய் இரவு 10:52
வணக்கம். மாடியில் சோலார் போட்டு இருபது நாள் ஆகிறது. 330 வாட் பேனல். 330ஐ பேட்டரியின் 12 வோல்ட்டால் வகுத்தால் 27 ஆம்பியர் வர வேண்டும். உச்சி வெயிலில்கூட 8க்கு மேல் காட்டவில்லை. கூடவே காற்றிலிருந்து கரண்ட் எடுக்க, ஆன்லைனில் வாங்கிய 400 வாட் காற்றாடி ஒன்றும் போட்டேன். நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எதுவும் ஏறவில்லை. இரவு 11 மணிக்கு முன்னாலேயே இன்வெர்ட்டர் கத்துகிறது. இந்தக் கத்திரியில் ஃபேன் இல்லாமல் அம்மாவால் தூங்க முடியவில்லை. பேனல் டூப்ளிகேட்டா? கடைக்காரர் போனை எடுப்பதில்லை. அவசரம்.

பாலாற்றுக்கரை | செவ்வாய் இரவு 11:10
என்ன பேட்டரி, எத்தனை ஏ.எச். (எவ்வளவு கரண்டைச் சேமிக்கும் என்ற அளவு)? புதுசா பழசா? பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் கன்ட்ரோலர் எது? ராத்திரியில் என்னென்ன ஓடுகிறது? இதெல்லாம் தெரியாமல் எதையும் சொல்ல முடியாது.

ஆம்பூர் ஷூ | செவ்வாய் இரவு 11:31
வெயில்தான் காரணம், அண்ணா. சோலாருக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. நம் ஊர் மே மாதத்தில் பேனல் 65 டிகிரிக்குப் போகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் போல குறையும். தளத்துக்கும் பேனலுக்கும் நடுவே ஒரு அடியாவது இடைவெளி விட்டீர்களா? எங்கள் வீட்டில் தகரக் கூரையோடு ஒட்டிப் போட்டுவிட்டு ரொம்பக் கஷ்டப்பட்டோம்.

மின்வாத்தியார் | புதன் காலை 6:15
65 டிகிரியே என்றாலும் 16 சதவீதம்தான் போகும். 27 எப்படி 8 ஆகும்? கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

கேட்டவருக்கு: மாதத்துக்கு நாலு பேர் இதே மாதிரி வந்து கேட்கிறார்கள். வாட்டை 12ஆல் வகுத்துவிட்டுப் பேனல் டூப்ளிகேட் என்கிறார்கள். ஒரு மல்டிமீட்டர்கூட இல்லாமல் சோலார் போட இறங்கக் கூடாது. பேனலைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து வி.ஓ.சி. (எதிலும் இணைக்காதபோது வரும் வோல்ட்), வி.எம்.பி., ஐ.எம்.பி. (முழுத் திறனில் ஓடும்போது வரும் வோல்ட், ஆம்பியர்) மூன்றையும் இங்கே எழுதுங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

ஒடுகத்தூர் தோப்பு | புதன் காலை 7:02
தென்னை மரம் பக்கத்தில் இருக்கிறதா? ஒரு மட்டையின் நிழல் குறுக்கே விழுந்தால் போதும், பேனலில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே படுத்துவிடும். தண்ணீர் டேங்கையும் பாருங்கள். சித்திரை நடுவிலிருந்து ஆவணி பிறக்கும் வரை நம் பக்கம் மதியச் சூரியன் தலைக்கு வடக்கேதான் நிற்கும். வடக்கே இருக்கும் டேங்கின் நிழல் பேனல் பக்கம் வராது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். காலையிலும் மாலையிலும் அது தெற்கே சாய்ந்து விழும்.

ராணிப்பேட்டை பெல் நகர் | புதன் காலை 8:20
இந்த வம்பெல்லாம் எதற்கு? பேட்டரியே இல்லாமல், இ.பி. லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்கிரிட் போட்டுவிடுங்கள். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் வருகிறது. பகலில் மிஞ்சுவது இ.பி.க்குப் போகும், பில்லில் கழித்துக்கொள்வார்கள். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை பேட்டரிக்கு அழ வேண்டாம்.

சத்துவாச்சாரி | புதன் காலை 8:41
கரண்ட் போனால் ஆன்கிரிட்டும் கூடவே நின்றுவிடும். அம்மாவுக்கு ராத்திரி ஃபேன் வேண்டும் என்கிறவருக்கு அதைச் சொல்லலாமா?

ராணிப்பேட்டை பெல் நகர் | புதன் காலை 8:55
இப்போது எங்கே அவ்வளவு கட்? 2012ஐ நினைத்துக்கொண்டே பேசுகிறீர்கள்.

சத்துவாச்சாரி | புதன் காலை 9:03
நீங்கள் டவுனில் இருக்கிறீர்கள். பேரணாம்பட்டு, ஒடுகத்தூர் பக்கம் கோடை மழையில் ஒரு மரம் சாய்ந்தால் லைன் வர மறுநாள் ஆகிறது. வெயில் கொட்டும் பகலில், தலைக்கு மேல் 3 கிலோவாட் பேனலை வைத்துக்கொண்டு விசிறியால் வீசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என் மாமனார். அந்தக் கோபத்தில்தான் சொல்கிறேன்.

பழைய லைன்மேன் | புதன் காலை 9:30
அது நிற்பதற்குக் காரணம் இருக்கிறது, தம்பி. லைன் செத்துவிட்டது என்று நம்பித்தான் நாங்கள் கம்பத்தில் ஏறுவோம். அந்த நேரத்தில் ஏதோ ஒரு வீட்டு மாடியிலிருந்து கரண்ட் திரும்பி வந்தால் உயிர் போய்விடும். அதனால்தான் அந்த இன்வெர்ட்டர்களை அப்படிச் செய்கிறார்கள். அதைக் குறை என்று சொல்லாதீர்கள். கட்டிலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கொல்லைமேட்டான் | புதன் மாலை 6:48
எல்லோருக்கும் நன்றி. பகலில் வேலை, இப்போதுதான் பார்த்தேன். இங்கே இ.பி.யே கிடையாது. இது கொல்லையில் கட்டிய வீடு, கம்பம் இன்னும் வரவில்லை, எழுதிக் கொடுத்திருக்கிறோம். பேட்டரி 12 வோல்ட், 150 ஏ.எச்., டியூபுலர், புதுசு. ரெண்டு சீலிங் ஃபேன், மூன்று எல்.இ.டி. லைட். நிழல் இல்லை. சீட்டில் வி.ஓ.சி. 46, வி.எம்.பி. 37.8, ஐ.எம்.பி. 8.73 என்று இருக்கிறது. கன்ட்ரோலரில் 30ஏ என்று மட்டும் போட்டிருக்கிறது, சின்ன நீலப் பெட்டி, கையில் எடுத்தால் எடையே இல்லை.

பாலாற்றுக்கரை | புதன் மாலை 7:05
இ.பி. இல்லை என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. சரி, விஷயம் புரிந்துவிட்டது. உங்கள் பேனல் நல்ல பேனல். கன்ட்ரோலர்தான் பொருத்தமில்லை.

அது பி.டபிள்யூ.எம். வகை. ஒரு சுவிட்சு மாதிரி பேனலை நேராகப் பேட்டரியோடு சேர்த்துவிடும். 37 வோல்ட்டில் வேலை செய்ய வேண்டிய பேனலை பேட்டரி 13 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஆம்பியர் கூடாது, சீட்டில் உள்ள அதே 8.7தான். 13ஐ 8.7ஆல் பெருக்குங்கள்: 113 வாட். மீதி 200க்கு மேல் உங்களுக்கு வந்து சேரவே இல்லை. நாளுக்கு ஐந்து மணி நேர நல்ல வெயில் என்றால் 43 ஏ.எச். ஏறும். ரெண்டு ஃபேனும் சேர்ந்து 150 வாட் என்று வைத்தால் மூன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஏழு மணிக்குப் போட்டால் 11க்குள் கத்தத்தானே செய்யும்?

எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் மிச்சமிருக்கும் வோல்டேஜை ஆம்பியராக மாற்றித் தரும். சூட்டில் போவதைக் கழித்தாலும் மதியம் 19, 20 ஆம்பியர் எதிர்பார்க்கலாம்.

ஆம்பூர் ஷூ | புதன் மாலை 7:20
அப்போ சூடு காரணமே இல்லையா?

பாலாற்றுக்கரை | புதன் மாலை 7:34
சூட்டில் விழுவது வோல்டேஜ், ஆம்பியர் இல்லை. இவரிடம் வோல்டேஜ் ஏற்கெனவே வீணாகத்தான் போகிறது, அதனால் இப்போது தெரியாது. எம்.பி.பி.டி. போட்ட பிறகு நீங்கள் சொன்னது நிஜமாகவே தெரியும். அந்த ஒரு அடி இடைவெளியை அவர் விடட்டும்.

மின்வாத்தியார் | புதன் மாலை 7:50
இதைத்தான் காலையிலேயே சீட்டைப் படியுங்கள் என்றேன். ஒன்று கவனம்: எம்.பி.பி.டி. என்று மேலே அச்சடித்து, உள்ளே பி.டபிள்யூ.எம். வைத்து நிறைய விற்கிறார்கள். உண்மையானதில் கம்பிச் சுருள் (காயில்) இருக்கும், கையில் கனக்கும். வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளக்கும் டி.சி. கிளாம்ப் மீட்டரால் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். பேனல் வயரைவிட பேட்டரி வயரில் ஆம்பியர் தெளிவாகக் கூட வேண்டும். கூடவில்லையா, திருப்பிக் கொடுங்கள்.

பழைய லைன்மேன் | புதன் இரவு 8:10
தம்பி, காற்றாடியை எதில் சேர்த்திருக்கிறீர்கள்? அதை யாருமே கேட்கவில்லை.

கொல்லைமேட்டான் | புதன் இரவு 8:16
மூன்று வயர் வந்தது ஐயா. அதில் ரெண்டைப் பேனல் வயரோடு சேர்த்து அதே பெட்டியில் கொடுத்தேன். ஒன்று சும்மா தொங்குகிறது.

பழைய லைன்மேன் | புதன் இரவு 8:22
காலையில் முதல் வேலையாக அதைக் கழற்றுங்கள். மூன்று வயர் வந்தால் அது ஏ.சி. கரண்ட், மூன்று ஃபேஸ். டி.சி. வாங்கும் பெட்டியில் அதைக் கொடுக்கக் கூடாது. காற்று அடங்கியிருக்கும்போது பெட்டியிலிருந்து எடுத்து, மூன்று வயரையும் ஒன்றாக முறுக்கிவிடுங்கள். இறக்கை பாரமாகி நின்றாற்போல் ஆகிவிடும், அதுதான் அதற்கு பிரேக்.

அதற்கென்று தனி கன்ட்ரோலர் உண்டு. பேட்டரி நிறைந்ததும் மிச்சக் கரண்டைச் சூடாக்கித் தள்ள ஒரு சுருள் வைத்திருப்பார்கள். உங்கள் பெட்டி பேட்டரி நிறைந்ததும் வெட்டிவிடும். பாரம் இல்லாத காற்றாடி ஆடிக் காற்றில் பிய்த்துக்கொண்டு சுற்றும். அம்மா அதற்குக் கீழே படுத்திருக்கிறார்கள்.

ஒடுகத்தூர் தோப்பு | புதன் இரவு 8:40
சரியாக இணைத்தாலும் அதில் என்ன வரும்? 400 வாட் என்பது நொடிக்கு 12 மீட்டர் போலக் காற்று அடித்தால்தான், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர். காற்று மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் கரண்ட் மூன்றில் ஒன்று ஆகாது, 27இல் ஒன்று ஆகும். 4 மீட்டர் காற்றில் 15 வாட்தான். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கணவாய் வழியாகக் காற்று பாய்கிறது, அங்கே காற்றாலை வைத்தார்கள். நம் ஊரில் மாடி மேல் நாலடிக் குழாயில், சுற்றிலும் மரம் இருக்க, காற்று சுழன்றுதான் வரும். நானும் வைத்துப் பார்த்து இறக்கியவன்தான், மனசு கேட்காமல் ரெண்டு வருடம் விட்டு வைத்திருந்தேன். அந்தப் பணத்துக்கு இன்னொரு பேனல் வாங்குங்கள். ஃபேனையும் குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. வகையாக மாற்றினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கொல்லைமேட்டான் | அடுத்த திங்கள் இரவு 9:37
எம்.பி.பி.டி. மாற்றியாச்சு. இன்று மதியம் 19.2 காட்டியது. பேனல் வயரில் 8.1, பேட்டரி வயரில் 19, அளந்து பார்த்தேன். நேற்று ராத்திரி விடியும் வரை அம்மா ஃபேன் ஓடியது, என்னுடையதை நிறுத்திவிட்டேன். காற்றாடியை இறக்கி மாட்டுக்கொட்டகையில் வைத்திருக்கிறேன். ரொம்ப நன்றி.

பழைய லைன்மேன் | திங்கள் இரவு 9:50
சந்தோஷம் தம்பி. இப்போது 20 ஆம்பியர் போகிறது, கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு என்ன வயர் போட்டீர்கள்? 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் இருக்கிறதா? பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் வைத்தீர்களா?

பழைய லைன்மேன் | வியாழன் காலை 7:12
தம்பி, ஃபியூஸ்?