கதவை மூடினால் அறை குளிரவில்லை, ஜம்பர் டக்ட் (அறைக் காற்று ஹாலுக்குத் திரும்ப சீலிங்குக்கு மேல் போடும் குழாய்) போட்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். செந்தூலில் இரண்டு மாடி டெரஸ் வீடு. மேல்மாடியின் மூன்று அறைகளுக்கும் குழாய் வழியே குளிர்காற்று அனுப்பும் ஒரே டக்டட் ஏர்கோன், காற்று அதற்குத் திரும்பிப் போகும் ரிட்டர்ன் கிரில் ஹாலில் மட்டும். மேற்குப் பக்க அறை கதவு திறந்திருந்தால் 25 டிகிரி, மூடினால் 28.

கதவின் அடியில் டிஷ்யூ பேப்பரைப் பிடித்தால் ஹால் பக்கம் படபடக்கிறது. உள்ளே போன காற்று திரும்ப வழியில்லாமல் அழுத்தம் ஏறி, வரும் காற்றைத் தடுக்கிறது. பில்டர் சுத்தம், டக்டிலும் ஒழுகல் இல்லை.

மற்ற அறைகளின் டேம்பரை (டக்டில் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மடல்) இறுக்கச் சொல்கிறார் ஏர்கோன்காரர். அளவு மீறினால் மொத்தக் காற்று குறைந்து, காற்றைக் குளிர்விக்கும் காயிலில் ஐஸ் கட்டும். நம்ம ஊர் ஈரப்பதத்துக்குக் கிரில் வியர்த்துச் சொட்டும். அடைப்பு வேறிடத்தில் இருக்க டேம்பரை ஏன் திருக வேண்டும்?

80 சென்டிமீட்டர் கதவை அடியில் 2 சென்டிமீட்டர் அறுத்தாலும் கிடைப்பது 160 சதுர சென்டிமீட்டர். 6 இஞ்ச் டக்டின் வாய்க்குக்கூட ஈடாகாது. கதவுக்கு மேலே கிரில் வைக்கலாமென்றால் மேல்சுவரைத் தாங்கும் கான்கிரீட் லிண்டல். அதில் கைவைக்க முடியாது.

மிஞ்சியது சீலிங் வழியாக ஹாலுக்கு 8 இஞ்ச் ஜம்பர் டக்ட். கூரைச் சூட்டில் 25 மில்லிமீட்டர் இன்சுலேஷன் தாங்குமா, வெளியே வியர்க்குமா? பேச்சுச் சத்தம் அடுத்த பக்கம் கேட்கிறதா? கோலாலம்பூரில் செய்தவர்கள் கூலி விவரத்தோடு சொன்னால் உதவி.