அம்மம்மா கேட்ட ஒத்து: ட்ரோன் ரெக்கோட் அனுபவங்களைப் பகிருங்கள்

வாய்க்கால்கரை, கிளிநொச்சி

இரண்டு வருடமாக ஒரு கேள்வி மனதை அரிக்கிறது, எழுதிவிடுகிறேன். ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தப்பா தன் பழைய பிளேயரையும், எங்கள் கரண்டை அதற்குத் தோதாகக் குறைக்கிற ட்ரான்ஸ்போமரையும், பன்னிரண்டு ரெக்கோட்டையும் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அதில் ஒன்று, ஒரே சுரம் நீளமாக நிற்கிற ட்ரோன் இசையைச் செய்த அமெரிக்கர் ஃபில் நிப்லொக்கின் டிரொம்போன் (பித்தளை ஊதுகருவி) தட்டு. 1982 இல் இந்தியா நவிகேசன் லேபிளில் வந்ததே, அதன் மறுபதிப்பு. நிப்லொக் தன் இசையைச் சத்தமாகக் கேட்கச் சொன்னவர் என்பதால் நானும் கூட்டித்தான் வைத்தேன்.

பின்னேரம். அம்மம்மா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். அவருடைய தமையன் ஒரு நாதஸ்வரக் கூட்டத்தில் ஒத்து, அதாவது சுருதிக்காக ஒரே சுரத்தை விடாமல் பிடிக்கிற குழல், ஊதியவர். பக்கம் முடிந்து ஊசி உள்வட்டத்துக்குப் போய் 'டக், டக்' என்று சுற்றத் தொடங்கியதும் வெளியே இருந்து குரல் வந்தது.

"ஏன் ஒத்தை நிப்பாட்டினது? மேளம் இன்னும் வரேல்லையே."

நான் பதில் சொல்லவில்லை. தட்டைப் புரட்டி மற்றப் பக்கத்தைப் போட்டேன். அவர் மேளம் வரும் என்று இருபது நிமிடத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறார். அந்தக் காத்திருப்பை நான் கெடுத்துவிட்டேனா, கொடுத்தேனா என்று இன்றும் தெரியவில்லை.

நெடுங்கேணி நாதம்

தம்பி, கதை நல்லது. ஆனால் ஒத்தும் ட்ரோனும் ஒன்று என்று யாரும் எழுதவேண்டாம். நான் ஒத்துக்காரர் வீட்டில் வளர்ந்தவன்.

நிப்லொக் என்ன செய்தார்? ஒருவரை நீளமாக ஒரு சுரத்தை ஊதச்சொல்லிப் பதிவுசெய்தார். பிறகு மூச்சு எடுக்கிற இடங்களை நாடாவிலிருந்து வெட்டி எறிந்தார். மிச்சத்தை ஒட்டி, மயிரிழை வித்தியாசமுள்ள சுரங்களாக அடுக்கினார். அடுக்கு ஒன்றோடொன்று உரசும்போது எழும் அதிர்வுதான் அவருடைய இசை. ஒத்தில் எதையும் வெட்ட முடியாது. விரல் வைக்கத் துளையும் இல்லை. அடியில் சுருதி சேர்க்கிற துளைகள் மட்டும், அவற்றையும் மெழுகால் அடைப்பார்கள். கன்னத்தில் காற்றை வைத்துத் தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்கவேண்டும், ஒரு மணியோ இரண்டு மணியோ.

பெரியப்பாவுக்கு ஒரு திருவிழாவில், சுவாமி வீதி சுற்றும்போது, இருமல் வந்து ஒத்து அறுந்தது. ஒரு நொடி இருக்கும். நாதஸ்வரக்காரர் வாசித்தபடியே திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, ஒன்றும் இல்லை, சும்மா பார்த்தார். அடுத்த வருடம் அந்தக் கூட்டம் மின்சாரச் சுருதிப் பெட்டியோடு வந்தது. பெரியப்பாவை ஒருவரும் கூப்பிடவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது, அந்தப் பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

மூச்சை வெட்டி எடுத்த இசையை நான் காசு கொடுத்து வாங்கமாட்டேன்.

பழைய மாங்குளத்தான்

நாதம் அண்ணை, மூச்சு வெட்டினால் இசை இல்லை என்றால் சினிமாப் பாட்டில் பாதி இசை இல்லை. அதை விடுவோம்.

எழுபதுகளில் எங்கள் ஊர்க் கோவிலில் இரவு முழுக்க ஒலிபெருக்கி ஓடும். புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர், கீழே கொட்டிலில் ரெக்கோட்காரர். ஒரு சாமத்தில் அவர் நித்திரையாகிவிட்டார். நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுற்றும் இபி என்ற சின்னத் தட்டு ஒன்று கீறலில் மாட்டிக்கொண்டது. பாட்டின் ஒரு அசையும் வயலின் துண்டும் மட்டும் திரும்பத் திரும்ப. 45 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.3 வினாடி, கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை ஆயிரம் தரம் கேட்டிருப்போம்! நான் பாயில் கிடந்தேன். முதலில் எரிச்சல். பிறகு அந்த அசை சொல்லாக இல்லாமல் போய்விட்டது. தவளை, காற்று, தூரத்து நாய், எல்லாம் அந்தத் தாளத்துக்குள் வந்து குந்திக்கொண்டன. யாரோ போய் ஊசியைத் தூக்கியபோது காடு முழுக்க வெறுமையானது போல் இருந்தது.

கனகாலம் கழித்துத்தான் அறிந்தேன், பாரிஸ் வானொலியில் பியர் ஷெஃபர் 1948 இலேயே வேண்டுமென்று தட்டில் மூடிய வட்டம் வெட்டி இதைச் செய்திருக்கிறார். அமெரிக்காவில் ஆர்ஆர்ரெக்கோட்ஸ் என்ற லேபிள் 1993 இல் நூறு மூடிய வட்டங்களோடு ஒரு ஏழு அங்குலத் தட்டே போட்டது. நீங்களாக எழும்பிப் போய் ஊசியைத் தூக்கினால்தான் அது முடியும். வினைல் தட்டின் ஈர்ப்பு அதில்தான் இருக்கிறது. 'சூடான ஒலி' என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. நீள இசைக்கு வினைல்தான் சரி என்பதும் பிழை. பிரெஞ்சு ட்ரோன் இசைக்காரர் எலியான் ரடிக், மரணத்தைப் பற்றிச் செய்த மூன்று பகுதித் தொகுப்பை 1998 இல் நிப்லொக்கின் சொந்த லேபிளான எக்ஸ்ஐ மூன்று சீடியாகத்தான் வெளியிட்டது. ஒவ்வொரு பகுதியும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதை எல்பி என்ற பெரிய தட்டில் போட்டால் இருபது சொச்சம் நிமிடத்துக்கு ஒருக்கால் அறுக்கவேண்டும்.

புதுக்குடியிருப்பு அக்கா

எனக்கு லேபிள் பெயர்கள் தெரியாது. மகன்தான் கேட்பான். ஆனால் ரெக்கோட் என்றதால் எழுதுகிறேன்.

2009 தை மாதம் வெளிக்கிடும்போது அப்பாவின் ரெக்கோட்டுகளை யூரியா உரப்பையில் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் தாட்டோம். முகாமிலிருந்து திரும்பிவந்து கிண்டினோம். உறைகளைக் கறையான் தின்றுவிட்டது. நடுவில் ஒட்டியிருந்த வட்டக் கடதாசியும் இல்லை. கழுவித் துடைத்ததும் பதினொரு கறுப்புத் தட்டு, பளபளவென்று, ஒன்றிலும் பெயர் இல்லை. எது எந்தப் பாட்டு என்று அப்பா இருந்தால் பிடித்துப் பார்த்தே சொல்லியிருப்பார்.

மகன் சொன்னான், வெளிநாட்டில் சில சின்ன லேபிள்கள் முந்நூறு பிரதி அச்சடித்து, பெயர் இல்லாத வெள்ளை உறையில்தான் விற்குமாம். எனக்கு அது ஆறுதலாக இருந்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

ஊசிமுனை, வவுனியா

என் கதை சின்னது. 1996 இல் இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் இருந்தோம். பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் அண்ணா கசற் கேட்பார். என் கை களைத்தால் பாடகியின் குரல் ஆண் குரலாகத் தடித்துவிடும். "சுத்தடா, அவ சாகிறா" என்று அண்ணா கத்துவார். அந்த அண்ணா இப்போது இல்லை.

அதனால்தான் வேகம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாய்க்கால்கரைத் தம்பி, உங்கள் சித்தப்பாவின் பிளேயர் கனடாவுடையது. ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைத்தான் குறைக்கும், அலைவெண்ணை மாற்றாது. கனடாவில் 60 ஹேர்ட்ஸ், எங்களிடம் 50. பழைய ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் அலைவெண்ணைப் பார்த்துத்தான் சுற்றும். 33⅓ சுற்றவேண்டிய தட்டு உங்கள் வீட்டில் 28 சுற்றுக்குக் கிட்டத்தான் சுற்றியிருக்கும். 20 நிமிடப் பக்கம் 24 நிமிடம் ஓடும். சுருதியும் 6க்கு 5 என்ற விகிதத்தில் இறங்கும். சட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள அதே இடைவெளி. அம்மம்மா கேட்டது நிப்லொக் செய்த தட்டு இல்லை. டிசி மோட்டார் என்றால் இந்தப் பிரச்சினை வராது. பெல்ட்டில் ஓடுவது என்றால் மோட்டாரில் இருக்கும் புல்லியை 1.2 மடங்கு விட்டத்தில் கடைந்து மாட்டுங்கள். லேத் வைத்திருக்கும் யாரும் அரை நாளில் செய்வார்கள்.

அக்காவுக்கு: பெயர் போனால் பரவாயில்லை. பாட்டு முடிந்த பின் ஊசி சுற்றும் உள்வட்டத்தைச் சரிவாக வெளிச்சத்தில் பிடியுங்கள். அங்கே ஒரு எண் பொறித்திருக்கும், அதை வைத்து எந்தத் தட்டு என்று பிடிக்கலாம். பழைய 78 சுற்றுத் தட்டு கலந்திருந்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே வேண்டாம். அவை அரக்கில் செய்தவை, கரைந்துவிடும். 78க்கு வேறு ஊசி, அகலமானது. எல்லோருக்கும்: தகரக் கூரைக்குக் கீழே படுக்க வைத்து அடுக்காதீர்கள், நெளிந்துவிடும், நிமிர்த்தி வையுங்கள். சோழகம் அடிக்கிற மாதங்களில் செம்மண் தூசி பள்ளத்துக்குள் போகும், ஒவ்வொரு தரமும் தூரிகை பிடியுங்கள்.

புதுக்குடியிருப்பு அக்கா

நன்றி தம்பி. எண் இருப்பதைக் கண்டேன். தேடிப் பார்க்கவில்லை. பிளேயரும் வாங்கவில்லை. இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

வாய்க்கால்கரை, கிளிநொச்சி

ஊசிமுனை அண்ணை சொன்னது சரி. மணிக்கூடு வைத்து எண்ணினேன், நிமிடத்துக்கு 28 சுற்றுக்கூட முழுதாக வரவில்லை. வவுனியாவில் ஒருவரிடம் கொடுத்து பித்தளையில் புல்லி கடைந்தேன். இப்போது 33⅓ சரியாக நிற்கிறது. டிரொம்போன் முதன்முறையாக டிரொம்போனாகக் கேட்டது. எனக்குச் சந்தோசம்.

அதே பின்னேர நேரம், அதே பக்கத்தை அம்மம்மாவுக்குப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டார்.

"இது வேறை ஊர் ஆக்கள்" என்றார். எழும்பி உள்ளே போய்விட்டார்.

அன்றிரவே பழைய புல்லியைத் தேடி எடுத்து மாட்டினேன். அவர் விறாந்தையில் இருக்கும் நேரத்துக்கு அதுதான், நான் தனியே கேட்க மற்றது.

நெடுங்கேணி நாதம்

தம்பி, பழைய புல்லியில் போட்டு, அந்தச் சுருதி எத்தனை கட்டை என்று அளந்து சொல்லமுடியுமா? கைபேசியில் அளக்கலாம். பெரியப்பாவின் ஒத்து எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. வாயில் வைத்து ஊதுகிற சீவாளி இல்லை, உடைந்துவிட்டது. ஒன்று வாங்கி வைத்து ஊதிப் பார்க்கிறேன்.