மறு: ‘ஸ்டைலஸ் ஃபேன்டாஸ்டிகஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘மனோதர்ம நடை’ என்றே வைத்துவிடலாமே. நம் இசையில் ஏற்கெனவே புழங்கும் சொல்தானே?

வணக்கம் ஐயா. எனக்கு அதில் தயக்கம். மனோதர்மம் என்றதும் மேடையில் அப்போதே பிறக்கும் ஆலாபனையும் கற்பனைச் சுரமும்தான் நினைவுக்கு வரும். நாம் பெயர் தேடும் ஸ்டைலஸ் ஃபேன்டாஸ்டிகஸ் பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கருவியிசை நடை; அதில் பெரும்பகுதி எழுதி அச்சிட்ட இசை. வெனிஸ்காரர் தாரியோ காஸ்டெல்லோ 1621-இலும் 1629-இலும் வெளியிட்ட சொனாட்டாக்களை, அதாவது கருவிகளுக்கான இசைப் படைப்புகளை, கேளுங்கள். விரைந்தோடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்று இழையும். அப்புறம் ஒரு வயலின் மட்டும் தனியே பாயும். அந்த நேரத்தில் தோன்றியதுபோல் இருக்கும், ஆனால் சுரம் சுரமாக எழுதி வைத்தது.

> அப்படியானால் ‘கட்டற்ற நடை’?

பாதி சரி. ரோமில் இருந்த அறிஞர் கிர்ஷர் 1650-இல் தந்த விளக்கப்படி, இது பாடல் வரிக்கோ கொடுத்த மெட்டுக்கோ கட்டுப்படாத நடை. அதுவரை பெரும்பாலும் வரிகள்தான் இசையை நடத்திச் சென்றன. வரியே இல்லாதபோது எதைப் பிடித்துக்கொண்டு போவது? டொக்காட்டா, ஃபேன்டசியா போன்ற கருவியிசை வடிவங்கள் எல்லாம் அந்தக் கேள்விக்குச் செய்து பார்த்த சோதனைகள். ஆனால் அதே கிர்ஷர், சுர இயைபின் மறைவான அமைப்பையும் ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து எடுக்கும் வடிவம்) கட்டும் திறமையையும் காட்டவே இந்த நடை என்கிறார். ஆக, கட்டு உள்ளே இருக்கிறது. இத்தாலிய இசையமைப்பாளர் ஃபிரெஸ்கோபால்டி கதை இன்னும் வேடிக்கை: டொக்காட்டாவைத் தாளத்துக்கு அடங்கி வாசிக்கக் கூடாது என்று முன்னுரையில் சொல்லிவிட்டு, அதற்கு முன்மாதிரியாகக் காட்டுவது, வரிகளின் பொருளுக்கேற்பப் பல குரலில் பாடும் அன்றைய மாட்ரிகல் பாட்டை!

என் பரிந்துரை: ‘தன்போக்கு நடை’. வெளியிலிருந்து யாரும் ஓட்டவில்லை, ஆனால் ஒரு போக்கு இருக்கிறது.

இன்னொரு வயலின் இசையமைப்பாளர் ஃபரீனாவின் 1627 ‘கப்ரிச்சோ ஸ்திராவகாந்தே’வை இதில் சேர்க்க வேண்டாம். வயலினில் பூனையும் நாயும் கத்துகின்றன, வில்லின் மரப்பக்கம் கம்பியைத் தட்டுகிறது. சோதனைதான், ஆனால் அது போலச்செய்தல். வேறு சொல் வேண்டும்.

*

> என் பரிந்துரை: ‘தன்போக்கு நடை’

சொல் பிடித்திருக்கிறது. யார் பேச்சையும் கேட்காத பிள்ளையைத் திட்டுவதுபோல் ஒலிக்கிறது என்பார்கள். இருக்கட்டும், இந்த இசைக்கு அது பொருந்தாமலும் இல்லை. ‘தன்போக்குச் சொனாட்டா’ என்று அடையாகவும் வரும்.

ஃபரீனா வகைக்கு ‘ஒலிப்போலி’ போதுமா? சிக்கல், இசையமைப்பாளர் பீபர் போரைச் சித்திரிக்கும் 1673 ‘பட்டாலியா’வில். முரசொலிக்காகக் கம்பியில் காகிதம் செருகச் சொல்கிறார், சரி, ஒலிப்போலி. அதே படைப்பில் குடித்த சிப்பாய்கள் ஆளுக்கொரு பாட்டை ஒரே நேரத்தில் இழுக்கிறார்களே, சுரங்கள் முட்டி மோதுகின்றனவே, அதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?