இரவு இருமலும் அரை லிட்டர் பாட்டிலும்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து ஊர்க்காரர்கள் மூவர் ஆஸ்துமா பற்றிப் பேசுகிறார்கள்.)

டொங்காட் அம்மா:

மகனுக்கு அப்போது ஏழு வயது. பகலெல்லாம் ஓடியாடுவான், விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுவான். இளைப்புச் சத்தம் கிடையாது. அதனால் ஆஸ்துமா என்று யாருக்கும் தோன்றவில்லை. நெஞ்சுச் சளி என்று ஒரே குளிர்காலத்தில் நாலு தடவை ஆன்டிபயாடிக் குடித்தான். ஆயா தன் பங்குக்குக் கற்பூரவல்லிக் கஷாயம் போட்டார்கள், செடிதான் மொட்டையானது.

கரும்புக்குத் தீ வைக்கும் மாதங்களில் கொடியில் காயும் துணியில் கரித்தூள் விழும். அன்று ராத்திரி இருமல் நிச்சயம். இதை நான் சொன்ன பிறகுதான் கிளினிக் சிஸ்டர், மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை எடுத்தார். மூணு தடவை ஊதியதில் அதிகம் நிமிடத்துக்கு 160 லிட்டர். நீல நிற மருந்துப் பம்ப் (இன்ஹேலர்) கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து ஊதினான், 210. "இருபது சதவீதம் ஏறினாலே ஆஸ்துமாவை நினைக்கணும், இது முப்பதைத் தாண்டுது" என்றார்.

நீலம், பழுப்பு என்று இரண்டு பம்ப் கொடுத்தார். பம்ப் என்றதும் வீட்டில் கலவரம். "பழகிட்டா ஆயுசுக்கும் விடாது" என்றார் மாமனார். நான் செய்ததுதான் பெரிய தப்பு. நீலம் அடித்தால் உடனே மூச்சு வருகிறது, பழுப்பு அடித்தால் ஒன்றும் தெரியவில்லை என்று பழுப்பை நிறுத்திவிட்டேன். ஆறு வாரம் நன்றாகத்தான் இருந்தான். பிறகு ஒரு ராத்திரி, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவே தோல் குழிந்தது, "அம்மா தண்ணி" என்பதற்கு மேல் பேச முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நீலம் இறுகின குழாயைச் சில மணி நேரம் தளர்த்தும், அவ்வளவுதான். உள்வீக்கத்தை வற்ற வைப்பது பழுப்பில் உள்ள ஸ்டீராய்டு. இருமல் இல்லாத நாளிலும் அதை அடிக்கணும், அடித்ததும் வாய் கொப்பளிக்கணும்.

பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் கூடு, அதாவது ஸ்பேஸர், கைவசம் இல்லையே என்றதற்கு அங்கே ஒரு நர்ஸ் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலைக் காட்டினார். அடியில் பம்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு, சூடேற்றிய கம்பியால் ஓட்டை. பாட்டில் வாய் பிள்ளையின் வாயில். பம்பைக் குலுக்கி ஒரே ஒரு அடி, ஐந்தாறு சாதாரண மூச்சு, அப்புறம் அடுத்த அடி. ஏதோ கைவைத்தியம் என்று நினைத்தேன். 1999லேயே கேப் டவுன் குழந்தை மருத்துவர்கள் சோதித்து, கடை ஸ்பேஸருக்கு இது குறைவில்லை என்று லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்களாம்.

சாட்ஸ்வொர்த் தாத்தா:

எனக்கு அறுபத்தெட்டு வயதில் வந்தது இளைப்பு. சாம்பிராணிப் புகை என்றார்கள், வயசு என்றார்கள். கண் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு விட ஆரம்பித்த மாதம் அது என்பதை மகள்தான் நாட்காட்டியைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். கண்ணில் விடும் சொட்டு நெஞ்சுக்குப் போகுமா என்று நான் சிரித்தேன். போகுமாம், அது பீட்டா பிளாக்கர், மூச்சுக்குழாயை இறுக்கக்கூடிய மருந்து வகை, ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. கண் டாக்டர் வேறு சொட்டு மாற்றினார். சின்ன வயசில் எனக்கு இளைப்பு இருந்ததா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெருலம் தம்பி:

அக்கா, பாட்டிலைக் கழுவலாமா?

டொங்காட் அம்மா:

வாரம் ஒரு தடவை, பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் முக்கி எடுத்துக் கவிழ்த்து வை தம்பி. துணியால் துடைக்காதே. துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, மருந்து பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.