சூரிய விளிம்பில் ஸ்பிக்யூல்கள் பஞ்சு போலக் கலங்கி வருகின்றன, எங்கே தவறு செய்கிறேன்?

செங்கதிர்:
வணக்கம். என்னிடம் இருப்பது 60 மி.மீ. ஹைட்ரஜன் ஆல்ஃபா தொலைநோக்கி, அதாவது ஹைட்ரஜனின் ஒரு சிவப்பு அலைநீளத்தில் மட்டும் சூரியனைக் காட்டுவது. குவியத்தூரம் 400 மி.மீ., எட்டலான் (அந்த அலைநீளத்தை ஒட்டிய குறுகிய பட்டையை மட்டும் விடும் வடிகட்டி) ஒன்றுதான், பட்டை அகலம் 0.7 ஆங்ஸ்ட்ராம், சாய்வுத் திருகில் ட்யூன் செய்யும் வகை. கேமரா 2.9 மைக்ரான் பிக்சல் மோனோ. பெரிய பிழம்புகளும் கரும் இழைகளும் நன்றாகவே வருகின்றன. ஆனால் எனக்குப் பிடித்தது விளிம்பில் புல் முளைத்தது மாதிரி நிற்கும் ஸ்பிக்யூல்கள், அதாவது மேலே பீறிடும் மெல்லிய வாயுத் தாரைகள். கண்ணை வைத்துப் பார்க்கும்போது, காற்று அடங்கும் ஒரு நொடியில் விளிம்பு முழுக்கச் சிலிர்த்து நிற்பது தெரிகிறது. படத்தில் அதே இடம் பஞ்சால் ஒற்றி எடுத்தது போல இருக்கிறது. நொடிக்கு 50 ஃப்ரேம் வீதம் 4 நிமிட வீடியோ, மொத்தம் 12,000 ஃப்ரேம், அதில் சிறந்த 10 சதவீதத்தை எடுத்து ஒரே படமாக அடுக்கி ஸ்டாக் செய்கிறேன். ஃபோகஸ் தவறு என்று சொல்ல முடியவில்லை. அதே வீடியோவில் சூரியப்புள்ளியின் ஓரம் கூர்மையாக வருகிறது.

இன்னொன்று: எல்லர்மன் குண்டுகளை (சூரியப்புள்ளிக் கூட்டங்களில் சில நிமிடம் மட்டும் மின்னும் சின்னப் பிரகாசப் பொட்டுகள்) ஒரு முறைகூடப் பிடிக்க முடியவில்லை. 60 மி.மீ.க்கு அது பேராசையா?

நிழல்மானி:
எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? தரை சூடானபிறகு எடுத்தால் இப்படித்தான் வரும். சூரியன் எழுந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், சிமெண்ட் தரையை விட்டு விலகிப் புல்தரையில் வைத்துப் பாருங்கள். பிறகு பார்லோ (பிம்பத்தைப் பெரிதாக்கும் லென்ஸ்) போடாமல் எடுத்தால் பிக்சலுக்கு 1.5 ஆர்க் செகண்ட் (ஒரு ஆர்க் செகண்ட் என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) விழும். அது கொஞ்சம் போதாது, 2 மடங்கு பார்லோ போடுங்கள்.

செங்கதிர்:
காலையில்தான் எடுத்தேன், புல்தரைதான். காற்று மோசமாக இருந்தால் புள்ளியும் கலங்க வேண்டுமே?

கண்ணாடிவிழி:
கலங்க வேண்டும். அது கலங்கவில்லை என்பதில்தான் விடை இருக்கிறது. உங்கள் வீடியோ நீளம் அதிகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பிக்யூல் நொடிக்கு 20 முதல் 30 கி.மீ. வேகத்தில் மேலே எழும். 25 என்று வைத்துக்கொண்டால் 4 நிமிடத்தில் 6,000 கி.மீ. சூரியனில் ஒரு ஆர்க் செகண்ட் ஏறக்குறைய 725 கி.மீ., ஆக 8 ஆர்க் செகண்ட் நகர்ந்துவிட்டது. 60 மி.மீ. லென்ஸ் இந்த அலைநீளத்தில் பிரித்துக் காட்டுவது 2.75 ஆர்க் செகண்ட், அதாவது சுமார் 2,000 கி.மீ. அந்தத் தூரத்தை ஸ்பிக்யூல் 80 நொடியில் கடந்துவிடும். அதன் மொத்த ஆயுளே ஐந்து, பத்து நிமிடம்தான். நீங்கள் பொறுக்கும் சிறந்த ஃப்ரேம்களோ 4 நிமிடத்திலும் சிதறிக் கிடக்கின்றன. எழுந்ததும் விழுந்ததும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிவிடுகின்றன. புள்ளி அந்த நேரத்தில் அசையாது, அதனால் தப்பித்துக்கொள்கிறது. அதே 10 சதவீதத்தை வைத்துக்கொண்டு, வீடியோவை மட்டும் 25, 30 நொடிக்குள் முடியுங்கள்.

நிழல்மானி சொன்ன பார்லோவும் சரிதான். ஆனால் தடுப்பு வடிகட்டிக்கும் கேமராவுக்கும் நடுவில் மட்டும் போடுங்கள், எக்காரணம் கொண்டும் வடிகட்டியைக் கழற்றாதீர்கள். விளிம்புக்கு வட்டு கொஞ்சம் வெளுத்துப் போகும் அளவு வெளிச்சம் கூட்டுங்கள். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஒரு ஸ்பிக்யூலின் தடிமன் சில நூறு கி.மீ.தான். உங்கள் படத்தில் தெரியப்போவது தனித்தனி இழை அல்ல, கொத்துகள்.

எல்லர்மன் குண்டுக்கு வழி வேறு. 1917-இல் ஃபெர்டினாண்ட் எல்லர்மன் எழுதியதே, அவை ஹைட்ரஜன் ஆல்ஃபா நிறமாலைக் கோட்டின் இரு சிறகுகளிலும்தான் (மைய அலைநீளத்துக்குச் சற்று இப்பாலும் அப்பாலும்) பளிச்சிடுகின்றன, நடுவில் தெரிவதில்லை என்று. காரணம், காந்தப்புலம் அறுந்து மறுபடி இணைவது கீழே, நாம் சாதாரணமாகக் காணும் சூரியப் பரப்பான ஒளிமண்டலத்தை ஒட்டி நடக்கிறது. கோட்டின் நடுவில் பார்த்தால் மேலே படர்ந்திருக்கும் நிறமண்டல நார்கள் அதை மூடிவிடும். சாய்வுத் திருகு எப்போதும் நீலப் பக்கம்தான், அதாவது குறைந்த அலைநீளத்தின் பக்கம்தான் தள்ளும். நார்கள் மங்கி, புள்ளிகள் எடுப்பாகத் தெரியும் வரை மெதுவாகத் திருப்புங்கள், ஏறக்குறைய 1 ஆங்ஸ்ட்ராம். புதிதாக முளைக்கும் புள்ளிக்கூட்டத்தில், இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் தேடுங்கள். அளவு ஒரு ஆர்க் செகண்ட்தான் என்பதால் உங்கள் கருவியில் மங்கிய பொட்டாகவே தெரியும். பேராசை என்று சொல்லமாட்டேன், பொறுமை வேண்டும். இரண்டாவது எட்டலான் சேர்த்துப் பட்டையை 0.5-க்குக் குறைத்தால் எளிதாகும்.

செங்கதிர்:
இன்று காலை 25 நொடி வீடியோ, 40 நொடிக்கு ஒன்று என்று 15 எடுத்தேன். விளிம்பு நிமிர்ந்துவிட்டது! ஓர் இடத்தில் மூன்று கொத்துகள் இடப்பக்கம் சாய்ந்து நின்றன. ஐந்தாவது படத்தில் நடுக்கொத்து மற்ற இரண்டையும் விட உயர்ந்திருந்தது, பதினொன்றில் அதைக் காணவில்லை, அதன் காலடியில் ஒரு குட்டை முளை இருந்தது. இதை நானே எடுத்தேன் என்று நம்பக் கொஞ்ச நேரம் ஆனது. மிக்க நன்றி.

சிறகில் ஒரு பிரகாசப் பொட்டு கிடைத்தது. ஆனால் திருகை நடுவுக்குக் கொண்டுவந்தாலும் அது அப்படியே நிற்கிறது. அதுதானா?

கண்ணாடிவிழி:
நடுவிலும் பளிச்சென்று இருந்தால் அது எல்லர்மன் குண்டு என்று சொல்ல முடியாது, சிறு வெடிப்பாக இருக்கும். அந்தக் கூட்டம் இன்னும் வளர்கிறது என்றால் விடாதீர்கள். திருகைச் சிறகில் அசைக்காமல் வைத்து, அதே 40 நொடி இடைவெளியில் ஒரு மணி நேரம் எடுங்கள். நடுவில் நான்கைந்து முறை மட்டும் கோட்டின் மையத்துக்குப் போய்வாருங்கள். சிறகில் தோன்றி, சில நிமிடத்தில் மறைந்து, மையத்தில் தெரியாமலே போன பொட்டு இருந்தால் அந்தப் படத்தை இங்கே போடுங்கள்.